கண்டிப்பும் நெருக்கமும்

'சிட்சை' என்றதும் பலருக்குத் தண்டனையே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் மூலமாகிய 'சிக்ஷா' என்ற வடசொல்லுக்குக் கற்பித்தல் என்பது பொருள். பேச்சு வழக்கில் கற்பித்தல் மறைந்து, தண்டனை மட்டும் எஞ்சியது. பல இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. தவறு செய்த குழந்தை தண்டனை பெறுகிறது, பாடம் பெறுவதில்லை. பெற்றோரிடமிருந்து ஓரடி விலகியும் விடுகிறது.

கண்டிப்பு உறவை அறுக்காமல் திருத்துவது எப்படி? காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யில் வரும் நிகழ்ச்சி இதற்கு வழி காட்டுகிறது. அப்போது அவருக்கு வயது 15. அண்ணன் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, அந்த அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனச்சான்று உறுத்தியது. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தக்க தண்டனை தருமாறு வேண்டி, நோயுற்றுப் பலகையில் படுத்திருந்த தந்தை கரம்சந்திடம் கொடுத்தார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. கணநேரம் கண்களை மூடியிருந்தவர், தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். கடுஞ்சொல்லை எதிர்பார்த்து நின்ற மகனும் அழுதார்.

கரம்சந்த் இயல்பில் முன்கோபி. ஆயினும் அவர் பிள்ளைகளை அடித்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார் காந்தியடிகள். அன்று மகன் அஞ்சியது அடிக்கு அன்று. தந்தையின் மனம் வருந்துமே என்பதற்குத்தான். இந்த அச்சம் அன்பில் பிறந்தது. உறவு உறுதியாக இருந்ததால்தான் ஒரு துளிக் கண்ணீரே கண்டிப்பாக அமைந்தது.

ஆனால் உறவு தானாக நிலைப்பதில்லை. காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலால் முறையான பள்ளிக் கல்விக்கு ஏங்கினார். தந்தையோ கல்வி பற்றிய தம் கொள்கையில் உறுதியாக நின்றார். 1911-இல் மகன் தென்னாப்பிரிக்காவில் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். அந்தப் பிளவு இறுதிவரை ஆறவில்லை. 1948-இல் தந்தை மறைந்த சில மாதங்களில் மகனும் மறைந்தார். குறை யாருடையது என்று தீர்ப்பளிப்பது இங்கு நோக்கமன்று. பெற்றோரின் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும், தன் மனத்தை அவர்கள் அறியவில்லை என்று பிள்ளை உணர்ந்தால் அக்கொள்கை அவனைச் சென்றடையாது என்பதே இங்குள்ள பாடம்.

உளவியல் ஆய்வும் இதை ஒட்டியே செல்கிறது. அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரை மூவகையாகப் பிரித்தார்: கனிவின்றி அடக்கி ஆள்பவர்கள், கட்டுப்பாடின்றி விட்டுவிடுபவர்கள், உறுதியும் கனிவும் ஒருங்கே உடையவர்கள். மூன்றாம் வகையினரின் குழந்தைகளே தன்னடக்கமும் தன்னம்பிக்கையும் மிக்கவர்களாக விளங்கியதை அவர் கண்டார். ஆகவே கனிவுக்காக உறுதியைக் கைவிட வேண்டியதில்லை.

நடைமுறையில் நான்கு செய்திகளை மனத்தில் இருத்தலாம்.

1. சினம் தணிந்த பின்னரே கண்டிக்க வேண்டும். சினத்தில் எழும் சொல், பெற்றோரின் சீற்றத்தைத்தான் தணிக்கும், குழந்தையைத் திருத்தாது.

2. செயலைக் கண்டிக்கலாம், குழந்தையை இழிக்கலாகாது. 'நீ பொய்யன்' என்பதற்கும் 'நீ சொன்னது பொய்' என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

3. தீர்ப்புக்கு முன் குழந்தையின் தரப்பை முழுமையாகக் கேட்க வேண்டும். உண்மையை ஒப்புக்கொள்ளும் குழந்தையிடம் அதற்குரிய மதிப்பைக் காட்ட வேண்டும். இல்லையேல் அடுத்த முறை அது மறைக்கவே கற்கும்.

4. கண்டித்த நாளிலேயே நெருக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். உடன் அமர்ந்து உண்பதும், உறங்குமுன் தலையை வருடுவதும் போதும்.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழியைச் சொல்லி அடிப்பவர்கள் உண்டு. நாள்தோறும் அணைக்கும் கைக்கு அடிக்க வேண்டிய தேவையே அரிதாகிவிடும். தவறு செய்த குழந்தை முதலில் ஓடி வருவது யாரிடம்? அது பெற்றோரிடமே எனில், அந்த இல்லத்தில் சிட்சை தன் பழைய பொருளை மீண்டும் பெற்றுவிட்டது.