வெப்பத்தால் விறைத்து மடியும் பன்றிகள்

நன்கு சதைப்பிடிப்புடன் வளர்ந்த பன்றியொன்று நண்பகலில் லொறியில் ஏற்றப்படுகின்றது. ஏற மறுக்கும் அதனைத் தடியால் அடித்து ஏற்றுகின்றனர். சிறிது தூரம் சென்றதும் அதன் வாலும் தொடைகளும் நடுங்குகின்றன. வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றது. தோலில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தோன்றுகின்றன. பின்னர் கால்கள் விறைத்து விழுந்து இறக்கின்றது. நஞ்சோ, கண்ணூறோ என உடையவர் ஐயுறுகின்றார். ஆயின், இத்தகைய சாவுக்குப் பெற்றோர் வழி வந்த தசைக்குறையொன்று காரணமாயிருத்தல் கூடும்.

காரணம்

தசை சுருங்குவதற்குக் கல்சியம் வேண்டும். இது தசைநாரினுள்ளே நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும். நரம்பின் ஏவல் வந்ததும் பையின் வாயில் திறந்து கல்சியம் வெளிவரும். வேலை முடிந்ததும் உள்ளே இழுக்கப்படும். குறையுள்ள பன்றியில் இவ்வாயில் எளிதில் திறந்துகொள்ளும், விரைவில் மூடாது. அச்சம், ஓட்டம், சண்டை, வெப்பம் ஆகியவற்றுள் ஒன்றே இதற்குப் போதும். தசை ஓயாது சுருங்கி, வெப்பத்தையும் அமிலத்தையும் உண்டாக்கும். வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் பன்றிக்கு மிகக் குறைவு. ஆகவே வழக்கமாக 39 சதமபாகையளவில் நிற்கும் உடல்வெப்பம் 42 பாகைக்கு மேலும் ஏறுகின்றது. இறவாது கொல்களம் சேரினும், இறைச்சி வெளிறி, நீர் கசிந்து, விலை குறையும்.

இவ்வாயிலை அமைக்கும் பரம்பரையலகிலுள்ள சிறு மாற்றமே இக்குறைக்குக் காரணமென்பதை 1991ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகர ஆய்வாளர் கண்டனர். பியற்றெயின், லான்ட்றேஸ் ஆகிய இனங்களில் இது மிகுதியாகக் காணப்பட்டது. கொழுப்புக் குறைந்த, சதை மிகுந்த விலங்குகளையே இனவிருத்திக்குத் தெரிந்தெடுத்தமையால், அறியாமலே இக்குறையும் பெருகிற்று.

மனிதரிடத்தும் உண்டு

1960இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கால் முறிந்த இளைஞர் ஒருவர், முறிவைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே அஞ்சினார். அவருடைய உறவினர் பத்துப்பேர் ஈதர் மயக்கத்தின்போது இறந்திருந்தனர். மருந்து கொடுத்ததும் அவருக்கும் உடல் கொதித்தது; உடனே மருந்தை நிறுத்திக் குளிர்வித்தமையால் உயிர் பிழைத்தார். இத்தகைய சிலருக்குக் கடும் வெயிலில் உழைக்கும்போதும் இந்நிலை நேர்வதுண்டு. 1975இல் தென்னாபிரிக்காவில் பன்றிகளிற் பயன்றந்த டன்ட்றோலீன் என்னும் மருந்தே பின்னர் மனிதரையும் காத்தது. உங்கள் குடும்பத்தில் எவரேனும் மயக்க மருந்தின்போது இறந்திருப்பின், சத்திரசிகிச்சைக்கு முன்னர் வைத்தியரிடம் அதனை மறவாது கூறுங்கள்.

பரம்பரையில் வரும் முறை

பன்றிகளில், தாய் தந்தை இருபாலிலுமிருந்து குறையைப் பெற்ற குட்டியே நோயுறும். ஒருபாலிலிருந்து மட்டும் பெற்றது நலமாகத் தோன்றினும், குறையைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கும். அத்தகைய இரண்டைச் சேர்ப்பின், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று நோயுறும். இரண்டு குறையைக் காவும். ஒன்றே முற்றாக நீங்கியிருக்கும். எனவே ஒரு பன்றி இக்குறையால் இறந்ததெனில், நலமாக நிற்கும் அதன் பெற்றோர் இரண்டும் குறையுடையனவே. அவற்றையே மீண்டும் சேர்ப்பவர் நட்டத்தைத் தாமே வளர்க்கின்றார்.

செய்ய வேண்டியவை

1. பன்றிகளை அதிகாலையிலோ இரவிலோ கொண்டு செல்லுங்கள். நெருக்கி அடைத்தலும், பழக்கமில்லாதவற்றை ஒன்றாக ஏற்றுதலும் கூடா. தடியை விடுத்துப் பலகையால் மறித்து நடத்துங்கள்.

2. நடுக்கம் கண்டவுடன் துரத்துவதை நிறுத்துங்கள். நிழலில் தனியே விட்டு, காற்றுப்படச் செய்து, நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள்.

3. திடீரென இறந்த பன்றியை வெட்டி விற்கவோ உண்ணவோ வேண்டாம். வேறு கொடிய நோய்களும் இவ்வாறே கொல்லும். மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

4. குறை உறுதியானால், அப்பன்றியின் பெற்றோரையும் உடன்பிறந்தவற்றையும் சோதிக்காமல் இனவிருத்திக்கு வைத்திருக்க வேண்டாம். இரத்தம் அல்லது மயிர் கொண்டு இக்குறையைச் சோதித்தறியலாம்.

5. இனவிருத்திக்கு ஆண்பன்றி வாங்கும்போது அதன் சதையை மட்டும் பாராது, இச்சோதனையின் முடிவையும் கேளுங்கள். ஓர் ஆண்பன்றி பல தாய்ப்பன்றிகளுடன் சேர்வதால், அதன் குறை பட்டி முழுவதும் பரவும்.