குளங்களைக் கெடுக்கும் நீர்க்களைகள்

கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தைக் கடந்து ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகின்றது. ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் கடனீரேரியின் உவர்நீரில் நிலைத்து வாழா. ஆயினும், அவ்வுவர் மேலேயுள்ள குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் காவலாகாது. நன்னீர் தேங்கும் இடங்களெல்லாம் இக்களைகளுக்கு ஏற்றவையே.

வந்த வரலாறு

அழகிய பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரையைத் தடுக்க இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சல்வீனியா 1939 இல் ஆராய்ச்சிக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களில் பரவிற்று.

பரவும் விதம்

சல்வீனியாவின் ஒடிந்த துண்டொன்றே புதுச்செடியாகும். ஆகாயத்தாமரை பக்கக் கன்றுகளாற் பெருகுவதோடு, அதன் விதைகள் சேற்றிற் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். இவை நீரை மூடினால் துருசு அடைபடும். வாய்க்காலில் ஓட்டம் குறையும். கடைமடை வயலுக்கு நீர் எட்டாது. மீன்களும் மூச்சின்றி மடியும்.

தடுக்கும் முறை

1. தொட்டியில் வளர்த்த நீர்ச்செடிகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிதல் கூடாது.

2. வேறு குளத்திலிருந்து வரும் தோணி, வலை, உழவு இயந்திரம் ஆகியவற்றை, ஒட்டிய துண்டுகள் நீங்கக் கரையிலேயே கழுவி உலர்த்துதல் வேண்டும்.

3. காலபோக மழைக்கு முன்னர்க் கமக்காரர் ஒன்றுகூடித் துருசு, வாய்க்கால், குளத்து ஓரம் ஆகியவற்றைப் பார்வையிடுதல் வேண்டும். மழைவெள்ளம் தொடங்கிய பின் ஒரு குளத்துக் களை பல குளங்களைச் சேரும்.

அகற்றும் முறை

முதற்செடியைக் கண்டவுடன், பூக்குமுன், வேரோடு எடுத்தல் வேண்டும். எடுத்ததை வெள்ளம் எட்டாத மேட்டிற் பரப்பி நன்கு உலர்த்துக. பூத்தவற்றை உலர்ந்தபின் எரித்துவிடுக. பூக்காதவற்றைச் சாணத்துடன் அடுக்கிக் கூட்டெருவாக்கி மரக்கறிப் பாத்திகளுக்கு இடலாம். குடிநீரும் மீனும் தரும் குளத்திற் களைகொல்லி தெளித்தல் ஆகாது.

சல்வீனியாவைத் தின்னும் கூன்வண்டு 1986 இல் இலங்கையில் விடப்பட்டு, பல இடங்களிற் பயன் தந்தது. எனினும் அது களையைக் குறைக்குமேயன்றி அறவே ஒழிக்காது. புதிய இடத்தில் களையைக் கண்டோர் விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். இன்று ஒரு கூடையில் அடங்குவதை அடுத்த போகத்தில் ஊரே கூடினும் அள்ளி முடியாது.