பெண் டாக்டர் வந்த கதை

"பெண் டாக்டர் இருந்தால் கூச்சமின்றிச் சொல்லலாம்" எனத் தெமியாங் வட்டாரத் தோட்டத் தாய்மார்கள் கூறக் கேட்டிருக்கிறோம். அந்த டாக்டரும் யாரோ ஒரு வீட்டார் படிக்கவிட்ட மகள்தானே!

1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாக நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் ஆங்கில மாது. ஆண் மருத்துவரை நாட நாணிப் பிரசவத்தில் துன்புற்ற இந்தியப் பெண்களைக் கண்டே அவர் மருத்துவம் பயில முன்வந்தார்.

தமிழ்ப் பெண்ணுக்கு வழி எளிதாயில்லை. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமெய்தியதும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். தாயார் திருமணத்தை எண்ணினார். தந்தை நாராயணசாமியோ வீட்டிலேயே பாடம் தொடரச் செய்தார். பின்னர் ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைந்தார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912-இல் டாக்டராக வெளிவந்தார்.