சிப்பிப் பொரிப்பகத்தில் மாணவர் பயிற்சி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவில் ஒரு காலத்தில் சிப்பியைக் கடலடியிலிருந்து வாரி எடுத்தாலே போதும் என்ற நிலை இருந்தது. அளவு மீறி அள்ளியதாலும், 1959 முதல் அங்கே பரவிய ஒட்டுண்ணி நோயாலும் அந்த வளம் சரிந்தது. இப்போது விதை உற்பத்தி செய்து, பண்ணையில் வளர்க்கிறார்கள். அதற்கு வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். வர்ஜீனியா கடல் அறிவியல் நிலையம் இதற்காகச் சம்பளத்துடன் செய்முறைப் பயிற்சி அளித்து வந்துள்ளது.

பயிற்சிக்கு வருபவர் முதலில் கற்க வேண்டியது தீவனம் வளர்ப்பது. நுண்பாசியைக் கண்ணாடிக் குடுவையில் தொடங்கி, பெரிய தொட்டி வரை படிப்படியாகப் பெருக்க வேண்டும். குடுவையில் வேறு கிருமி புகுந்தால் பாசி கெடும். பாசி கெட்டால் லட்சக்கணக்கான சிப்பிக் குஞ்சுகள் பட்டினியால் மடியும். குடுவை கழுவுவதை அற்ப வேலையாக நினைப்பவர் அங்கே நிலைக்க முடியாது.

தாய்ச் சிப்பிகளுக்குச் சில வாரங்கள் வெதுவெதுப்பான நீரும் தீவனமும் கொடுத்து, பிறகு நீரின் வெப்பத்தைக் கூட்டினால் முட்டையிடும். குஞ்சுகள் இரண்டு, மூன்று வாரங்கள் நீந்தித் திரியும். ஒன்றுவிட்டு ஒருநாள் தொட்டி நீரை வடித்து, சல்லடையில் பிடித்துத் தரம் பிரிக்க வேண்டும். உடலில் கரும்புள்ளி தோன்றினால் அவை ஒட்டிக்கொள்ளும் பருவம். பொடித்த ஓட்டுத் துகளில் விட்டால் தனித்தனியாக ஒட்டும். வேறு பண்ணைக்கு அனுப்புவதானால் ஈரத் துணியில் பொதிந்து குளிரில் வைப்பார்கள். இருபது லட்சம் குஞ்சுகள் சேர்ந்தால் ஓர் எலுமிச்சம்பழ அளவுதான்!

மலட்டுச் சிப்பி வளர்ப்பும் அங்கே பரவலாக உள்ளது. நம் பூவன், ரஸ்தாளி வாழையைப் போல இவையும் மும்மடி இனம். இனப்பெருக்கத்தில் சக்தி வீணாகாததால் விரைவில் பருக்கின்றன.

நாற்றங்காலைத் தாண்டிய பிறகு, கூண்டைத் தூக்குவதும் கழுவுவதும் முதுகை ஒடிக்கும் வேலை. பயிற்சி என்ற பெயரில் ஒரு மாணவனை ஆண்டு முழுவதும் இதிலேயே நிறுத்திவிட்டால் அது கூலி வேலையாகிவிடும். கவனம் தேவைப்படுவது இங்கேதான். வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் இத்தகைய பயிற்சிக்குச் செல்வது ஜே-1 விசாவில். படித்துக் கொண்டிருப்பவரும், படிப்பு முடிந்து 12 மாதம் கடக்காதவரும் பயிற்சி மாணவராகச் செல்லலாம். பயிற்சிக் காலம் அதிகபட்சம் 12 மாதம். திறன் தேவைப்படாத கூலி வேலையில் அமர்த்துவதை விதி தடை செய்கிறது. டி.எஸ்.7002 என்ற படிவத்தில், என்ன கற்பிக்கப்படும், யார் மேற்பார்வை என்பதை எழுதி, மாணவரும் கையெழுத்திட வேண்டும். பொரிப்பகத்தில் எத்தனை வாரம், கூண்டு வேலையில் எத்தனை வாரம் என்று அதில் குறிக்கச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்றைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.