பாடம்: குழல் நீண்டால் குரல் என்ன ஆகும்?



யாங்கூன் விழாக்களில் சைங் வைங் கேட்டிருப்பீங்க. வட்டமாகத் தொங்கும் மேளங்களோடு ஹ்னே என்ற குழலும் ஊதுவாங்க. ஷ்வேப்யிதாவில் அதைக் கேட்ட என் மகன், "அப்பா, இது நம்ம நாதஸ்வரமா?" என்று கேட்டான். அது வேறு வாத்தியம்தான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

வாயில் வைக்கும் பகுதி

நாதஸ்வரத்தின் நுனியில் இருப்பது சீவாளி. அதை நாணல் தட்டையில் செய்வாங்க. ஹ்னேவுக்குப் பனை ஓலை. ஊதும்போது அது படபடவென்று அதிரும். அந்த அதிர்வுதான் ஒலியாகிறது. சீவாளி சரியில்லை என்றால் நல்ல குழலும் பாடாது. அதனால் வித்வான்கள் கூடுதல் சீவாளிகளைக் கயிற்றில் கட்டி, குழலிலேயே தொங்கவிடுவாங்க.

ட்ரம்பெட், டியூபா போன்ற பித்தளை வாத்தியங்களில் சீவாளி கிடையாது. அங்கே நம்ம உதடுதான் அதிரணும்! கிண்ணம் போன்ற பகுதியில் உதட்டை வைத்து "ப்ர்ர்" என்று ஊதணும். ட்ரம்பெட்டின் கிண்ணம் சின்னது. டியூபாவின் கிண்ணம் பெரியது, ஆழமானது. அதனால் குரலும் கனமாக வரும்.

குழலின் நீளம்

முன்பு பலர் திமிரி என்ற குட்டையான நாதஸ்வரம் ஊதினாங்க. அதன் குரல் உச்சத்தில் ஒலிக்கும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இன்னும் ஆழமான குரலை விரும்பினார். குழலை நீட்டினால் குரல் தாழும். ஆனால் துளைகளின் இடமும் மாறணுமே! நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அந்த நீளமான பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்று கச்சேரிகளில் பாரிதான் அதிகம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குழலின் வடிவம்

டிராம்போன், யூஃபோனியம் இரண்டின் குழாயும் ஏறக்குறைய 9 அடி. ஆனால் குரல் வேறு! டிராம்போன் குழாயின் பெரும்பகுதி ஒரே அகலம். அதன் குரல் கணீர் என்று இருக்கும். யூஃபோனியம் குழாய் மெல்ல மெல்ல விரியும். அதன் குரல் மென்மையாக இருக்கும்.

செய்து பாருங்கள்

1. ஒரு ஸ்ட்ராவின் நுனியைத் தட்டையாக அழுத்துங்கள்.
2. இரண்டு ஓரங்களையும் சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். இதுதான் உங்கள் சீவாளி!
3. உதட்டுக்குள் வைத்து ஊதுங்கள்.
4. மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மறுபடி ஊதுங்கள்.

முதலில் சத்தம் வரலைன்னா விட்டுடாதீங்க. எனக்கு ஆறாவது ஸ்ட்ராவில்தான் வந்தது.

புதிய சொற்கள்

அதிர்வு – வேகமான நடுக்கம்
கணீர் – தெளிவான, உரத்த ஒலி
துளை – ஓட்டை

பதில் சொல்லுங்கள்

1. பித்தளை வாத்தியத்தில் எது அதிர்கிறது?
2. திமிரி, பாரி: எதன் குரல் தாழ்வானது? ஏன்?
3. ஸ்ட்ராவை வெட்ட வெட்டக் குரல் எப்படி மாறியது?