கப்பலும் கல்வியும்

கப்பலை விலைகொடுத்து வாங்கலாம். அதைச் செலுத்தும் அறிவைக் கற்றே பெறவேண்டும். தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார் இதனை நன்குணர்ந்திருந்தார். கொழும்புக்குக் கப்பல் விடுவதோடு, இந்தியருக்கும் பிற ஆசியருக்கும் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிப்பதும் அந்நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1908இல் அவர் சிறைப்பட்டார்; நிறுவனம் நலிந்தது; கல்விக் கனவும் கைகூடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியின் கடற்படைப் பணியில் டி.என்.முகர்ஜி என்னும் முதல் இந்தியர் அதிகாரியானது 1928இல்தான்.

இக்கரையில் கடலறிவுக்குப் பஞ்சமில்லை. முத்துக்குளித்தோர் மூச்சடக்கிக் கடலடியை அறிந்தனர். மீனவர் விண்மீனையும் நீவாட்டையும் வாடைக்காற்றையும் கொண்டு திசையறிந்தனர். ஆயினும் அவ்வறிவு அவர்களை அதிகாரிகளாக்கவில்லை. அதற்குரிய கல்விக்கூடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை.

இன்று அக்கதவு திறந்துள்ளது. மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் பயின்றோர் தேர்வுகளில் வென்று, கேரளத்தின் எழிமலையிலுள்ள இந்தியக் கடற்படை அகாதெமியில் நான்காண்டுப் பொறியியல் பட்டம் பயிலலாம். மின்னணுவியல், இயந்திரவியல் முதலிய பாடங்களோடு கடல்வழி அறிதல், பாய்மரப் படகு செலுத்துதல், நீச்சல் ஆகியவையும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. பின்னர்ப் பயிற்சிக் கப்பல்களில் கடற்பயணம் தொடரும்.

தந்தையிடம் அலையை அறிந்த பிள்ளை அதன் கணக்கையும் கற்கும்போது, சிதம்பரனாரின் நோக்கம் நிறைவேறும்.