கடலைக் கொதிக்க வைக்கலாம், வாங்க!

பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் "டோன்ட் பாயில் தி ஓஷன்" என்று ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். கடலைக் கொதிக்க வைக்கக் கிளம்பாதே என்று அர்த்தம். நம்ம ஊர்ல இதையே "அகலக்கால் வைக்காதே" என்பார்கள். ஆனா நாம இன்ஜினியரிங் பசங்க. கணக்குப் போட்டுப் பார்க்காம எப்படி நம்புறது?

கொடுக்கப்பட்டவை:
கடல்நீரின் நிறை சுமார் 1.4 × 10²¹ கிலோ.
சராசரி வெப்பநிலை சுமார் 4 டிகிரி. (மெரினாவில் கால் நனைத்ததை வைத்து முடிவு பண்ணாதீங்க, ஆழத்தில் ஃபிரிட்ஜ் தண்ணிதான்.)
தன்வெப்ப ஏற்புத்திறன், ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 4,000 ஜூல்.

தீர்வு:
100 டிகிரிக்கு இன்னும 96 டிகிரி ஏத்தணும். எல்லாவற்றையும் பெருக்கினால் சுமார் 5.4 × 10²⁶ ஜூல். உலகம் மொத்தமும் ஒரு வருஷத்துக்குச் செலவழிக்கும் எனர்ஜி சுமார் 6 × 10²⁰ ஜூல். வகுத்தால் 9 லட்சம் வருஷம்! அதுவரைக்கும் யாரும் போன் சார்ஜ் போடக்கூடாது. இது சூடாக்க மட்டும்தான். முழுக்க ஆவியாக்க இன்னும் ஆறு மடங்கு வேணும்.

குறுக்குவழி இருக்கு. சூரியன் எல்லாத் திசையிலும் கொட்டும் மொத்த எனர்ஜியையும் பிடித்தால் ஒன்றரை வினாடி போதும். சூரியனை எப்படிப் பிடிப்பது என்பது அடுத்த செமஸ்டர் புராஜெக்ட்.

அதோட முடியலை. ஆழம் போகப் போக அழுத்தம் கூடும், கொதிநிலையும் ஏறும். கடலடி வெந்நீர் ஊற்றுகளில் 350 டிகிரியைத் தாண்டியும் தண்ணி கொதிக்காம இருக்கு. போதாததுக்கு, மேலே கிளம்பும் ஆவி வானத்தில் சேர்ந்து பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தும். அதாவது, கொஞ்சம் கொதிக்க வைத்தால் மீதியைக் கொதிக்க வைப்பது இன்னும் கஷ்டமாகும்.

இந்த வரியைத்தான் நாங்க போன வருஷம் அனுபவிச்சோம். பஸ் டிராக்கிங், கேன்டீன் டோக்கன், லைப்ரரி, அட்டெண்டன்ஸ் எல்லாம் ஒரே ஆப்பில் என்று டைட்டில் கொடுத்தோம். ஒரு வசதியைச் சேர்த்தால் பழசு ரெண்டு உடையும். செகண்ட் ரிவ்யூவில் வேலை செய்தது லாகின் பக்கம் மட்டும். நாலு பேரில் ரெண்டு பேருக்குப் பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு.

கைடு திட்டலை. "இதுல எதை எடுத்துட்டா கேன்டீன்ல நாளைக்கே ஒருத்தருக்கு உதவும்?" என்று மட்டும் கேட்டார். டோக்கனை வைத்துக்கொண்டு மீதியை அழித்தோம். மூணு வாரத்தில் ஆப் ஓடியது. பேச்சும் திரும்ப வந்தது.

கடைசியா ஒரு கணக்கு. 30 டிகிரியில் ஒரு டம்ளர் தண்ணி, 200 மில்லி. 1,000 வாட் கெட்டிலில் சுமார் ஒரு நிமிஷத்தில் கொதித்துவிடும்.

ஜீரோத் ரிவ்யூவுக்குப் போறவங்க டைட்டிலை ஒருமுறை படிச்சுப் பாருங்க. அது டம்ளரா, கடலா?